கடல் கடந்து வந்த கடனும் தென்னாட்டுக் கைத்தொழிலும்

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த தமிழர் கூடி வாழ்ந்த பேட்டைகளுள் நம் சரோஜினி நகரும் ஒன்று. வினய் நகர் என்று அது வழங்கிய நாள்தொட்டே, இங்குள்ள அரசாங்கக் குடியிருப்புகளில் தஞ்சையும் நெல்லையும் பாலக்காடும் அடுத்தடுத்த வாசல்களில் குடியிருந்தன. வீட்டுத் தலைவர் காலையில் சைக்கிளேறிச் செயலகம் போவார். குமாஸ்தாவாகவோ சுருக்கெழுத்தாளராகவோ மாலை வரை எழுதுவார். நிதி இலாகாவிலும் கைத்தொழில் இலாகாவிலும் பணிபுரிந்தோர் நம்மவருள் பலர். பகலெல்லாம் கோடிக்கணக்கான டாலரைத் தட்டெழுத்துப் பொறியில் அடித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி மளிகைக்கடைப் பற்றுவரவைக் கூட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். இன்று அந்தக் குடியிருப்புகள் இடிபட்டு, உயர்ந்த மாடங்கள் எழுகின்றன. அவற்றில் குடியிருந்தோர் சுமந்த காகிதக் கட்டுகளுள் ஒருவகையைப் பற்றி இந்த ஆண்டு மலரில் எழுதலாம் எனக் கருதினோம்: உலக பாங்கு முதலிய பன்னாட்டு ஸ்தாபனங்கள் கைத்தொழிலுக்குத் தந்த கடன் பற்றிய கட்டுகள் அவை.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1950-களிலும் 1960-களிலும் தமிழகத்தில் 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற குரல் ஓங்கி ஒலித்தது. விடுமுறைக்கு ஊர் சென்ற நம்மவரை உற்றாரும் மற்றாரும் நிறுத்தி வைத்து, "நீங்கள் டில்லியில் இருந்தும் நமக்கு என்ன வந்தது?" என்று கேட்பதுண்டு. குமாஸ்தாவிடம் கேட்கத்தக்க கேள்வியன்று அது. ஆயினும் விடையின்றித் தலைகுனிந்து வந்தவர் பலர். உண்மையில் வந்தது என்ன, வாராதது என்ன, எதனால் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

கதை தொடங்கும் இடம் டில்லியுமன்று, சென்னையுமன்று. 1944-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைவாச ஸ்தலத்தில், 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். போர் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. ஓய்ந்த பின் உலகின் பணப் புழக்கத்தைச் சீராக்க ஒரு நிதியும், அழிந்த நாடுகளைப் புதுப்பிக்க ஒரு பாங்கும் நிறுவுவது அவர்கள் நோக்கம். இந்தியா அப்போது அடிமை நாடு; எனினும் தனிக் குழு ஒன்றை அனுப்பியது. குழுவின் தலைவர் ஆங்கிலேயரான நிதி அங்கத்தினர் ஜெரெமி ரெய்ஸ்மன். குழுவில் இருந்த இந்தியர்களுள் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோருடன் நம் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர். கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து துறைமுகத் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர். பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானவர். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர் என்றுதான் நம் சங்கத்தார் பலர் அவரை அறிவர். துறைமுகப் பட்டினத்தின் வாணிக வளத்தைப் பாடும் காண்டத்துக்கு அவர் உரை வரைந்தது பொருத்தமே என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்தியக் குழுவினர் அங்கே வற்புறுத்தியது இரண்டு. போர்க்காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட ஸ்டெர்லிங் கடனுக்கு வழி காணவேண்டும் என்பது ஒன்று. பின்தங்கிய நாடுகளை வளர்ப்பதையும் புதிய ஸ்தாபனங்கள் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிறைவேறவில்லை. இரண்டாவது, பாங்கின் நோக்கங்களுள் வளர்ச்சி குன்றிய நாடுகளின் உற்பத்தி வளங்களைப் பெருக்குதல் என்ற வாசகமாக இடம்பெற்றது. வாசகம் சிறிது, பிற்காலத்தில் சென்னைத் துறைமுகத்துக்குப் பாங்கு கடன் கொடுத்தபோது அதன் கை அந்த வாசகத்தின் மேல்தான் இருந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நம் அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவு, ராஜ்யங்கள் இந்தியாவின் எல்லைக்குள்தான் கடன் வாங்கலாம் என்கிறது. அயல்நாட்டுக் கடன் மத்திய அரசின் தனி உரிமை. பாங்கின் விதியோ, எந்தக் கடனுக்கும் அந்நாட்டு அரசின் ஜாமீன் வேண்டும் என்கிறது. ஆகவே சென்னை ராஜ்யம் வாஷிங்டனுக்கு நேரே விண்ணப்பம் போட முடியாது. விண்ணப்பம் டில்லி வழியாகச் செல்லவேண்டும். பணமும் டில்லி வழியாகவே திரும்பவேண்டும். ஒரு பிரதேசம் தன் பெயரால் உலகின் பணத்தைக் கேட்கும் வழி அடைபட்டிருந்தது.

மற்ற நாடுகளில் இவ்வாறுதானா எனில், இல்லை. இத்தாலியிலும் ஒரு தென்னாடு உண்டு. வடக்கே ஆலைகள் மிகுதி, தெற்கே வறுமை மிகுதி. அத்தென்னாட்டுக்கென்றே 1950-இல் தனி நிதி ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு 1951-இல் உலக பாங்கு ஒரு கோடி டாலர் கடன் தந்தது. பின்னர் 1957-இல் ரோமாபுரி உடன்படிக்கையால் அமைந்த ஐரோப்பிய முதலீட்டு பாங்கு, பின்தங்கிய பிரதேசங்களை வளர்ப்பதைத் தன் முதற் பணிகளுள் ஒன்றாகவே எழுதிக்கொண்டது. அங்கே பிரதேசத்தின் பெயரால் பணம் வந்தது. இங்கே தேசத்தின் பெயரால் வந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் கணக்கைப் பார்ப்போம்.

இந்தியாவுக்கு உலக பாங்கின் முதற் கடன் 1949 ஆகஸ்டில் கிடைத்தது: ரயில்வேக்கு எஞ்சின்களும் உறுப்புகளும் வாங்க 3 கோடியே 40 லட்சம் டாலர். அடுத்து உழவு இயந்திரங்களுக்கு ஒரு கோடி. 1950-இல் தாமோதர் பள்ளத்தாக்கின் மின்சாரத்துக்கு 1 கோடியே 85 லட்சம். கைத்தொழிலுக்கென்று நேராக வந்த முதற் பெருந்தொகை 1952-இல் பர்ன்பூர் இரும்பு ஆலைக்கு. 1956-இல் ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலைக்கு 7 கோடியே 50 லட்சம். மின்சாரத்துக்கு டிராம்பேயும் கொய்னாவும் பெற்றன. கிழக்கே நிலக்கரி நிலம், மேற்கே பம்பாய் என்று பாங்கின் பணம் இரு கரைகளிலேயே பாய்ந்தது. தெற்கே வறண்ட மணல். குரல் எழுந்ததில் வியப்பென்ன?

ஆனால் நியாயம் பேசுவோர் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1956 முதல் இந்திய அரசு எஃகின் ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தி, நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்தது. ஜாம்ஷெட்பூரில் உருகிய எஃகு அவ்வூருக்கு அண்மையில் விற்ற விலையிலேயே அம்பத்தூரிலும் கோவையிலும் கிடைத்தது. சைக்கிளும் மோட்டாரும் பம்புசெட்டும் செய்த நம் பட்டறைகள் இதனால் தழைத்தன. பீஹார் மக்களோ, தங்கள் மண்ணின் இரும்பும் கரியும் தங்களுக்கு இயல்பாகத் தந்த அனுகூலத்தைப் பறித்துவிட்டார்கள் என்று பல்லாண்டு முறையிட்டனர். 1990-களின் தொடக்கத்தில்தான் அந்த ஏற்பாடு நீங்கியது. உலக பாங்கு அவர்கள் ஊர் ஆலைக்குக் கொடுத்த கடனில் நமக்கும் ஒரு பங்கு சத்தமின்றி வந்து சேர்ந்தது. இதை நம் மேடைகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி நேராக நம்மைச் சார்ந்த வரலாறு. தனியார் கைத்தொழிலுக்கு நீண்ட காலக் கடன் தர இந்தியாவில் ஓர் ஸ்தாபனம் வேண்டும் என உலக பாங்கு கருதிற்று. 1954-இல் ஒரு குழு வந்து முதலாளிகளையும் அமைச்சர்களையும் கண்டு பேசியது. அக்குழுவில் இருந்த ஜார்ஜ் வுட்ஸ் என்ற அமெரிக்கர் பின்னாளில் உலக பாங்குக்கே தலைவரானார். அதன் விளைவாக 1955 ஜனவரி 5-ஆம் நாள் இந்தியக் கைத்தொழில் கடன், முதலீட்டுக் கழகம் பம்பாயில் பதிவாயிற்று. ஐ.சி.ஐ.சி.ஐ. என்றால் இன்று பாங்கு வாசலில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும்; அதன் பிறப்பு இதுதான். பங்கு மூலதனம் 5 கோடி ரூபாய்: இந்தியர் மூன்றரைக் கோடி, பிரிட்டிஷார் ஒரு கோடி, அமெரிக்கர் ஐம்பது லட்சம். இந்திய அரசு வட்டியின்றி ஏழரைக் கோடி ரூபாய் முன்பணம் தந்தது. உலக பாங்கு ஒரு கோடி டாலர் கடன் தந்தது. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார்.

நீதிக்கட்சியின் பத்திரிகையாசிரியராக விளங்கியவர். மைசூரின் திவானாக இருந்தவர். 1946-இல் ஐக்கிய நாட்டுப் பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராக வீற்றிருந்தவர். உலகச் சபை, இந்திய மூலதனம், ஆங்கிலப் பணம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமரவேண்டுமானால், மூவருக்கும் பழகிய முகம் ஒன்று தலைமை நாற்காலியில் வேண்டியிருந்தது. ஆனால் தமிழர் தலைவரானதால் தமிழகத்துக்குப் பணம் கொட்டியது என்று எவரும் எண்ணவேண்டாம். கழகத்தின் அலுவலகம் பம்பாயில். கடன் கேட்டு வாசலேறிய பெரு முதலாளிகளும் பெரும்பாலும் அங்குள்ளோரே. பின்னாளில் சுபிமல் தத் தலைமையில் அமைந்த குழு 1969-இல் தந்த அறிக்கை, இத்தகைய நிதி ஸ்தாபனங்களின் உதவியில் பெரும் பகுதியைச் சில பெரிய குடும்பங்களே பெற்றன என்று எடுத்துக்காட்டிற்று.

அக்கடன் எவ்வாறு வேலை செய்தது என்பதை நம் இளைஞர் அறிவது நல்லது. சென்னையில் ஒருவர் ஆலை வைக்கிறார் என்க. நிலம், கட்டடம், கூலி ஆகியவை ரூபாயில் முடியும். இயந்திரம் மட்டும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டும்; அதற்கு டாலரோ பவுனோ வேண்டும். கழகம் தந்தது அந்த அன்னியச் செலாவணியை. எஞ்சியதை அவரே திரட்டவேண்டும். ஆகவே உள்ளூரில் ரூபாய் திரட்டும் வல்லமை உள்ள பிரதேசத்துக்கே டாலரும் பயன்படும். ஸ்டெர்லிங் சேமிப்பு கையில் இருந்தவரை டாலர்க் கடனை நாடியோர் குறைவு. 1957-இல் அச்சேமிப்பு கரைந்து நாடு அன்னியச் செலாவணிக்குத் திண்டாடியபோதுதான் அதன் அருமை புலப்பட்டது.

இவ்விடத்தில் சென்னை ராஜ்யத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். உலக பாங்கு கழகம் அமைக்க நினைப்பதற்கு முன்னரே, 1949-இல், சென்னைக் கைத்தொழில் முதலீட்டுக் கழகம் தோன்றிவிட்டது. ராஜ்யங்களுக்கான நிதிக் கழகச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியதே 1951-இல்தான். சட்டம் வரும்வரை காத்திராமல் சாதாரணக் கம்பெனியாகவே பதிவு செய்துகொண்டு வேலை தொடங்கியது சென்னை. மின்சாரத்திலும் அவ்வாறே: பைக்காரா, மேட்டூர், பாபநாசம் என்று சுதந்திரத்துக்கு முன்பே அருவிகளைக் கம்பியில் ஏற்றியிருந்தனர் நம் பொறியாளர்கள். காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் கைத்தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-இல், கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. வந்தால் பிடித்துக்கொள்ள ஏனம் தயாராக இருந்தது. மழை பெய்தபோது ஏனம் இல்லாத ராஜ்யங்களும் இருந்தன. அவற்றின் பெயரைச் சொல்லி அண்டை வீட்டாரின் மனத்தை நோகடிக்க விரும்பவில்லை.

உலக பாங்கின் பணம் தமிழ் மண்ணில் கண்ணுக்குத் தெரியும்படி வந்து நின்ற இடம் சென்னைத் துறைமுகம். இயற்கை அங்கே துறைமுகம் தரவில்லை. நெடுங்காலம் கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் ஆளும் மூட்டையும் அலையோடு போராடிக் கரை சேர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய கரங்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் பெயர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், வாயிலையே வடகிழக்குக்கு மாற்றியமைத்து அதைத் துறைமுகமாக்கினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தபோது அந்த இடமும் போதவில்லை. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் மோட்டார் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் என்று ஆலைகள் எழ, அவற்றுக்கான இயந்திரங்கள் வந்த கப்பல்கள் இடமின்றிக் கடலில் காத்து நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் உண்டு. அதுவும் டாலரிலும் பவுனிலும்! 1958-இல் உலக பாங்கு கல்கத்தாத் துறைமுகத்துக்கு 2 கோடியே 90 லட்சம் டாலரும், சென்னைத் துறைமுகத்துக்கு 1 கோடியே 40 லட்சம் டாலரும் கடன் தர இசைந்தது. சென்னையில் அதன் தலையாய பணி புதிய உட்துறை ஒன்றைக் கட்டுவது. அதுவே 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி திறந்து வைத்த ஜவஹர் துறை. கல்கத்தாவுக்குப் பாதியே நமக்கு என்று குறைப்பட்டவர் அந்நாளில் இருந்தனர். ஆனால் ஓர் ஆலைக்குக் கிடைத்த கடன் ஓர் ஆலைக்கே உதவும். துறைமுகத்துக்குக் கிடைத்தது அதன் பின்னிலத்தில் உள்ள ஆலை அனைத்துக்கும் உதவும். ஜாம்ஷெட்பூருக்குச் சென்ற ஏழரைக் கோடியைவிட இந்த ஒன்றே முக்கால் கோடியில்லாத சிறு தொகையே நம் பிரதேசத்துக்கு மிகுதியாக உழைத்தது என்பது எம் துணிபு.

மின்சாரத்துக்கு உலக பாங்கு அந்நாளில் நமக்குக் கை கொடுக்கவில்லை. நீலகிரியின் குந்தாத் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவிற்று. 1956-இல் வேலை தொடங்கியது. நெய்வேலியின் அனல் மின் நிலையத்துக்கு ரஷ்யா உதவிற்று. 1962-இல் மின்சாரம் பிறந்தது. ஒரு மலையில் கனடியர், ஒரு சமவெளியில் ரஷ்யர், கடற்கரையில் உலக பாங்கு என்று, எவர் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது சென்னை. கொடுத்தவர்களுக்குள் இருந்த பகையைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வாங்கியவனுக்கு வாய் உண்டா என்பது அடுத்த கேள்வி. 1956-இல் உலக பாங்கின் தலைவர் யூஜின் பிளாக், அப்போது நிதி அமைச்சராக இருந்த நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசினரே தொழில்களை நடத்தும் போக்கு மிகுவதாகவும் தனியாருக்கு இடம் குறைவதாகவும் அதில் குறைப்பட்டிருந்தார். கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்து பெரும் பரபரப்பாயிற்று. டி.டி.கே. பதில் எழுதினார், கொள்கையை மாற்றவில்லை. அரசினர் எஃகு ஆலைகளுக்கு ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரிட்டனும் உதவ, வேலை நடந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் நிலைமை வேறு. இரு போர்களும் வறட்சியும் நாட்டை வாட்டியிருந்தன. பெர்னார்ட் பெல் தலைமையில் பாங்கு அனுப்பிய குழு ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொன்னது. அதை எதிர்த்த டி.டி.கே. 1965 டிசம்பரில் வேறு காரணங்களை முன்னிட்டுப் பதவி விலகினார். 1966 ஜூன் 6-ஆம் நாள், 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. ஆர அமர நோக்குங்கள்: ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கி இயந்திரம் இறக்கிய கோவை ஆலைக்காரர் முதல் நாள் 4 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய் கடனாளி, மறுநாள் ஏழரை லட்சத்துக்குக் கடனாளி. நாணய மாற்றின் நட்டம் கடன் வாங்கியவர் தலையில் விடியும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதைத் தட்டெழுத்தில் அடித்தவர்களுள் நம்மவரும் இருந்திருக்கலாம்.

பிரதேசம் என்ற சொல் கைத்தொழில் நிதியில் உண்மையாக நுழைந்தது 1970-க்குப் பின்னரே. பின்தங்கிய மாவட்டங்களைக் குறித்து, அங்கே ஆலை வைப்போருக்குக் குறைந்த வட்டியும் 1971 முதல் மத்திய அரசின் மானியமும் தருவது என்றாயிற்று. உலக பாங்கும், டி.டி.கே. நிதி அமைச்சராக இருந்தபோது 1964-இல் அமைந்த கைத்தொழில் வளர்ச்சி பாங்கின் மூலம், ராஜ்யங்களின் நிதிக் கழகங்களுக்குப் பணம் எட்டும்படி 1970-களில் வழி வகுத்தது. தமிழகம் 1971-இல் சிப்காட்டை நிறுவிற்று. அன்று தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலமாகக் கிடந்த ஓசூர் அதன் பின் அடைந்த மாற்றத்தைப் பெங்களூர் வழியே ரயிலிலோ பஸ்ஸிலோ ஊர் சென்றவர்கள் கண்ணால் கண்டார்கள். புன்செய்க் காட்டுக்கு நடுவே ஆலைச் சங்கு ஊதியது.

மணிலாவில் 1966-இல் அமைந்த ஆசிய வளர்ச்சி பாங்கில் இந்தியா ஸ்தாபக அங்கத்தினர். எனினும் இருபது ஆண்டுகள் அதனிடம் ஒரு டாலரும் கடன் கேட்கவில்லை. 1986-இல் முதன்முதலாகக் கேட்டுப் பெற்ற பத்துக் கோடி டாலர், முதலியார் தலைமையில் தொடங்கிய அதே கழகத்துக்கே சென்றது. கழகம் 2002-இல் தான் பெற்ற பிள்ளையான பாங்கிலேயே ஒன்றாகி மறைந்தது. 2021-இல் அதே ஆசிய பாங்கு, சென்னை–கன்னியாகுமரித் தொழில் வழித்தடத்துக்காக, தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் ஏறக்குறைய 590 கிலோமீட்டரைச் சீர்செய்ய 48 கோடியே 40 லட்சம் டாலர் கடன் தர ஒப்பமிட்டது. இத்தாலியின் தென்னாடு 1951-இல் பெற்றதுபோல், ஒரு பிரதேசத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய கடன் அது. இராமநாதபுரத்து வறண்ட நிலமும் தூத்துக்குடித் துறைமுகமும் அந்த வழித்தடத்தில் அடங்கும். ஆனால் 293-ஆவது பிரிவு மாறவில்லை. கடன் பெற்றவர் என்ற இடத்தில் இந்திய அரசின் பெயரே இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலைக்கான அந்தக் காகிதக் கட்டும், சரோஜினி நகரிலிருந்து நம் பெரியவர்கள் சைக்கிளில் சென்ற அதே தலைநகரின் வழியாகத்தான் கடந்து சென்றது.